அதற்குத்தான் ஆள் இருக்கிறார்களே

சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த இலக்கியக் கூட்டத்துக்கு நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். போடிநாயக்கனூரில் இலக்கியக் கூட்டம் நடப்பதே அரிது. அதற்கும் தாமதமாக வருகிறவனை நண்பர்கள் எளிதில் மன்னிப்பதில்லை. காரணம் கேட்டார்கள். ஜீப்பின் பின்சக்கரங்களுக்குப் புதிய பிரேக் லைனிங் மாட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். என் நகக்கண்களில் ஒட்டியிருந்த கருப்பைப் பார்த்துக் கவிஞ நண்பர் ஒருவர் சிரித்தார். "அதற்குத்தான் ஆள் இருக்கிறார்களே! நீங்கள் எதற்கு ஐயா வண்டிக்கு அடியில் போய்ப் படுக்கிறீர்கள்?" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு கூட்டம் தன் தலைப்புக்குத் திரும்பியது. உழைக்கும் மக்களின் வாழ்வு நவீன கவிதையில் எவ்வாறு பதிவாகிறது என்பதே அன்றைய தலைப்பு.

நண்பர் நல்லவர், புண்படுத்தச் சொன்னவரல்லர். ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அன்று கூட்டத்தில் சொல்ல வாய்ப்பில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் தந்தை பழையதாக வாங்கிய சிஜே 3பி. வில்லிஸ் நிறுவனம் 1953இல் அமெரிக்காவில் கொண்டுவந்த வடிவம். அங்கே 1968இல் உற்பத்தி நின்றது. 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் அதே வடிவத்தைச் செய்துகொண்டிருந்தது. ஆகவேதான் போடியிலும் கம்பத்திலும் இன்றும் இவ்வகை வண்டிகள் ஓடுகின்றன. விடியற்காலையில் ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி, மாலையில் இறங்கும் ஜீப்புகளைக் காணாமல் இந்தப் பக்கத்தில் ஒருவன் வளர முடியாது. எங்களுக்கும் மேலே சிறு ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. அங்கே வேலைக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு.

இந்த ஜீப்பில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. தகட்டில் உள்ள சிறு மூடியைத் திறந்துதான் பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும். காலால் அழுத்தினால் அந்த ஆயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் போய், ஒவ்வொன்றிலும் உள்ள வீல் சிலிண்டரை விரித்து, ஷூக்களை டிரம்மின் உட்சுவரோடு அழுத்துகிறது. மூடப்பட்ட திரவத்தின் மேல் தந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் சொன்னதற்கு மேல் இதில் மர்மம் ஏதுமில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அந்த மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயில் குறைந்திருந்தது. கொட்டகையில் ஹைட்ராலிக் ஜாக்கிக்கு ஊற்றும் எண்ணெய் ஒரு டப்பாவில் இருந்தது. அதுவும் ஹைட்ராலிக், இதுவும் ஹைட்ராலிக். ஊற்றி நிரப்பினேன். பிரேக் ஆயில் என்று நாம் அழைப்பது எண்ணெயே அன்று, கிளைக்கால் வகையைச் சேர்ந்த வேறொரு திரவம். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர்க் கிண்ணங்கள் ஊதிப் பெருத்துவிடும். இது எனக்குத் தெரியாது. எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அதற்குத்தான் ஆள் இருந்தார்களே!

அடுத்த சில நாட்கள் பெடல் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. நான் அதை நல்ல குறி என்று எடுத்துக்கொண்டேன். சக்கரத்தருகே கருகல் வாடை வந்தது. யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. ஊதிய ரப்பர், மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பி வரும் சிறுதுளையை அடைத்துவிட்டது. காலை எடுத்த பின்னும் ஷூக்கள் டிரம்மை முழுதாக விடாமல் உரசிக்கொண்டே இருந்தன. ஐந்தாம் நாள் மாலை, பின்னிருக்கையில் மூன்று பெண்கள் அமர்ந்திருக்க, போடிமெட்டுச் சாலையில் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன் பெடல் தரைவரை போயிற்று. நல்லவேளை, இரண்டாம் கியரில் இருந்தேன். இந்தப் பழைய ஜீப்பின் கைபிரேக் சக்கரங்களின் திரவக் குழாயை நம்பியதன்று. பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டைத் தனியே பிடிப்பது. அதை இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. மூத்த பெண் இறங்கி நின்று, "என்னய்யா, வண்டி பழசாகிப் போச்சா?" என்றார். வண்டியன்று, ஓட்டியவன்தான் காரணம் என்று அன்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. சொன்னது ஒரு வாரம் கழித்து.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். முதிய மெக்கானிக் ஒருவர் மூடியைத் திறந்து, விரலில் தொட்டு, முகர்ந்து பார்த்தார். "தம்பி, எண்ணெயெல்லாம் ஒன்னுன்னு நெனச்சுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கேள்விதான் என்னை வண்டிக்கு அடியில் படுக்கவைத்தது.

இதிலிருந்து என் முதல் வாதம். ஆள் இருக்கிறார்கள் என்ற பேச்சு, பொறுப்பு முழுவதும் அந்த ஆளிடம் போய்விட்டதாக ஒரு மயக்கத்தைத் தருகிறது. பட்டறைக்கு வண்டி ஆண்டில் இரண்டு முறை போகிறது. மீதி நாளெல்லாம் மூடியைத் திறப்பவனும், வாடையை முகர்பவனும், பெடலின் மாற்றத்தைக் காலில் உணர்பவனும் உரிமையாளனே. அவன் அறியாதவனாக இருந்தால் மெக்கானிக் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தும் பயனில்லை. என் வண்டியில் பிழை செய்த கை பட்டறைக்காரருடையதன்று, புத்தகம் பிடிக்கும் என் கை.

பிரேக்கை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. போடிமெட்டிலிருந்து கீழே வரும் இறக்கம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். வண்டியும் ஆட்களுமாக ஒன்றரை டன் என்று கொண்டால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது கழிய வேண்டிய ஆற்றல் சுமார் ஒன்றரைக் கோடி ஜூல். ஐம்பது லிட்டர் தண்ணீரை, அதாவது நான்கு குடம் தண்ணீரை, கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. கீழ்க்கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவனுக்கு அத்தனையும் நான்கு டிரம்களில் இறங்கும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நூற்றுக்கு நாலு பங்கு அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடலாம். திரவம் கொதித்தால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், கால் தரையைத் தொடும். மலையூரில் ஆயில் மாற்றாத வண்டி இப்படித்தான் போகிறது. இதை விதி என்று எழுதுவது நம் கதைகளில் வழக்கம்.

இனி எதிர்முகாமுக்கு வருகிறேன். கவிஞ நண்பரின் ஏளனத்தைவிட எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது வேறொரு வகைப் பாராட்டு. அன்று கூட்டம் முடிந்தபின் இன்னொருவர் தோளில் கைபோட்டு, "இது ஒரு தியானம்தான், இல்லையா?" என்றார். ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலை அவர் மூன்று முறை படித்திருக்கிறாராம். நானும் படித்திருக்கிறேன், மதிக்கிறேன். தன் வண்டியை அலட்சியமாகப் பிரித்துக் கெடுத்த ஒரு பட்டறையைப் பற்றி அதில் பிர்சிக் எழுதியிருப்பதையும், பழுது என்றாலே முகம் திருப்பிக்கொள்ளும் நண்பர் ஒருவரை அவர் பொறுமையோடு ஆராய்வதையும் நம்மவர்கள் விரைந்து கடந்துவிடுகிறார்கள். ஸென் மட்டும் நினைவில் நிற்கிறது. ஒரு தடவைகூட ஸ்பேனர் பிடிக்காதவர் அந்நூலைத் தியானத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்டும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிரேக் வேலை தியானமன்று. துருப்பிடித்த டிரம்மை மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டும்போது தோள்பட்டை கழன்று விழும்போல் இருக்கும். ஷூவை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் நழுவினால் கண்ணுக்கு ஆபத்து. இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் 'லெஃப்ட் திரெட்'. கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை மறந்து எதிர்ப்பக்கம் பலங்கொடுத்து ஒரு போல்ட்டை முறித்தவன் நான். அந்த நேரத்தில் அடைந்த ஞானம் வசைமொழியாகவே வெளிப்பட்டது. ஏளனம் செய்பவர், கையை அழுக்காக்குவது தமக்குத் தகாது என்கிறார். போற்றுபவர், அழுக்கைத் தத்துவமாக்கித் துடைத்துவிடுகிறார். இருவரும் அழுக்கைத் தொடவில்லை.

அந்த அழுக்கு எதனால் ஆனது என்பதைப் பார்ப்போம். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு தூள் படிந்திருக்கும். பட்டறையில் அதை யார் எடுக்கிறார்கள் என்று என்றேனும் கவனித்திருக்கிறீர்களா? கடைக்குட்டிப் பையன். வாயால் ஊதுவான், அல்லது கம்பிரஸர்க் குழாயைப் பிடித்து அடிப்பான். தூள் பறக்கும், அவன் அதில் நின்றுகொண்டிருப்பான். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. 1995இல் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், உழைப்பவரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகளேனும், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளேனும், எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. சாலையோரப் பட்டறைப் பையனுக்கு எந்தப் பதிவேடு? "அதற்குத்தான் ஆள்" என்று நாம் சொல்லும் ஆள் இவன்தான்.

நான் டிரம்மைத் திறக்கும்போது ஊதுவதில்லை. தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை ஈரத்தோடே பையில் கட்டிவிடுகிறேன். முகக்கவசம் அணிகிறேன். முதிய மெக்கானிக் முதலில் சிரித்தார். இப்போது அவர் பட்டறையிலும் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருக்கிறார். இதை என் சாதனை என்று சொல்லவில்லை. வேலை என்னுடையதாக இருந்தபோதுதான் தூள் என் கண்ணில் பட்டது என்பதே செய்தி. முப்பது ஆண்டு அதே பட்டறையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்திரிகை படித்துக்கொண்டு, அந்தப் பையன் ஊதுவதைப் பார்த்தவன் நான்.

கையால் செய்யும் வேலை ஒருவகை மனிதருக்கு, சொல்லால் செய்யும் வேலை வேறுவகை மனிதருக்கு என்று பிரித்துவைத்த சமூகத்தின் குரல்தான் அந்த வாக்கியத்தில் பேசுகிறது. அந்தப் பிரிவினையை மேடையில் கண்டிக்கிறோம். வீட்டில் குழாய் ஒழுகினாலும் வண்டி நின்றாலும் அதன்படியே வாழ்கிறோம். சாதியைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களை எல்லாம் அடுக்கினாலும் ஒரு பிரேக் டிரம்மைத் திறந்த கைகள் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கும்?

அறிவிலும் இதே நோய் உண்டு. பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவதைப் பட்டறையில் 'ஏர் எடுப்பது' என்பார்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ளதில் முடிக்க வேண்டும் என்பது மரபு. வில்லிஸ் ஜீப்புக்கான அமெரிக்கக் குறிப்புகளைப் படித்து, வலப்பக்கப் பின்சக்கரத்தில் தொடங்கினேன். முதியவர் தலையில் அடித்துக்கொண்டார். அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம். மாஸ்டர் சிலிண்டரும் இடப்பக்கம். ஆகவே தொலைவு வலப்பக்கப் பின்சக்கரம். நம் வண்டியில் எல்லாம் திருப்பம். என் ஜீப்பில் தொலைவு இடப்பக்கப் பின்சக்கரம். விதியை மனப்பாடம் செய்தவனுக்குக் காரணம் தெரியவில்லை. காரணம் தெரிந்தவருக்கு விதி வேண்டியிருக்கவில்லை. நம் விமரிசனக் கட்டுரைகளில் பாரிஸிலும் நியூயார்க்கிலும் செய்த விதிகளை நாம் எந்தச் சக்கரத்தில் தொடங்கிப் பொருத்துகிறோம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

நம் மரபு எப்போதும் இப்படி இருக்கவில்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை எதற்கு ஒப்பிடுகிறார்? உப்பு வணிகராகிய உமணர், வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சுக்கு. எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழி மேடும் பள்ளமும். எங்கே என்ன நேரும் என்று யார் அறிவார் என்பதனால் எடுத்துப் போகும் அச்சு. இந்த உவமையைச் சொல்ல ஒரு புலவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். அரசனின் மகனை வண்டியின் உதிரிபாகத்தோடு ஒப்பிடுவது இழிவு என்று ஔவைக்குத் தோன்றவில்லை. கேட்டவனுக்கும் அது பெருமையாகவே பட்டிருக்கும்.

அந்த உமணர் செய்ததை என் ஜீப்பைச் செய்தவர்கள் செய்யவில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவச் சுற்று; ஒரு மூலையில் ஒழுகினால் நான்கும் போகும். அமெரிக்காவில் 1960களின் இறுதியில் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமானது. ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். பழைய ஜீப் ஓட்டுபவனுக்கு இந்த மாற்று அச்சு இல்லை. ஆகவே அவன் வேறு எவனையும்விட அதிகம் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது என்மேல் வரக்கூடிய வலுவான மறுப்பு. பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது. பயிலாதவன் வீட்டில் அதைத் தொடுவது தனக்கும் சாலையில் போகும் பிறருக்கும் தீங்கு என்பது. இதைச் சொல்பவர்கள் அந்தக் கவிஞரைவிட மதிப்புக்குரியவர்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. தனியே, புத்தகமோ காணொளியோ பார்த்து, அன்று மாலையே ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்குபவனை நானும் குற்றவாளி என்றே சொல்வேன். டிரம்மைக் கடைய லேத் வேண்டும். அது என் வேலையன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. கட்டை கொடுக்க வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். நான் அந்த முதியவரின் பக்கத்தில் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்த பிறகே மூன்றாம் முறை தனியாகச் செய்தேன். ரப்பர் அனைத்தையும் ஹோஸ்களையும் மாற்றி, குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவி, புதிய ஆயில் நிரப்பினேன். ஏர் எடுக்க இருவர் வேண்டும். என் மகள் பெடலில், நான் சக்கரத்தடியில். "அழுத்து." "அழுத்திட்டேம்பா." "பிடி, விட்டுடாதே." நிப்பிளைத் திறந்து, குமிழிகள் நுரைத்து வெளியேறி, மூடியபின், "இப்ப விடு." இப்படி நான்கு சக்கரம். முடிந்ததும் முதியவர் வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் பார்த்தார். தானே ஓட்டினார். வெறும் வண்டியாக ஒரு வாரம் சமவெளியில் ஓடிய பிறகே அதில் ஆட்கள் ஏறினார்கள்.

எனவே மெக்கானிக் வேண்டாம் என்பதன்று என் கட்சி. அவருக்கு வேலையையும் கூலியையும் மரியாதையையும் ஒருசேரத் தருவது, அவர் செய்வது என்னவென்று தெரிந்த வாடிக்கையாளனால்தான் முடியும். தெரியாதவன் கூலியில் பேரம் பேசுவான், லைனிங்கில் மலிவைக் கேட்பான், பிறகு விபத்துக்கு அவரையே திட்டுவான். பழுதுபார்க்கும் உரிமை பற்றி நம் நாட்டிலும் பேச்சு எழுந்திருக்கிறது. 2022 ஜூலையில் நுகர்வோர் துறை அதற்கென ஒரு குழு அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் ஒரு இணையத்தளமும் தொடங்கியது. வாகனங்களும் அதன் நான்கு துறைகளில் ஒன்று. நல்லது. ஆனால் திறந்து பார்க்கவே கூசுகிறவனுக்கு அந்த உரிமையால் என்ன பயன்?

உடைமையின் உட்புறம் அறியாமல் அதை ஓட்டிச் செல்வது தனிமனிதனின் விருப்பம் என்று வாதிடலாம், அவன் தனியாகப் போனால். என் ஜீப்பின் பின்னிருக்கையில் நாள்தோறும் ஆறேழு பேர் உட்காருகிறார்கள். வேறு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. கூலிக்கு ஏறும் வண்டி இது. அவர்களுக்கும் பள்ளத்துக்கும் இடையே நிற்பது சில ரப்பர்க் கிண்ணங்களும் விரல்கனம்கூட இல்லாத லைனிங்கும்தான். அவற்றின் நிலை என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கவிஞ நண்பருக்கு ஓர் அழைப்பு. வரும் ஞாயிறு முன்சக்கரங்களைப் பிரிக்கப் போகிறேன். பெடலை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மகளுக்கு அன்று தேர்வு இருக்கிறது. பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.